மஸராட்டி கிரான் டூரிஸ்மோ - ஒரு கார் நின்றுபோனால் ஏன் இத்தனை வருத்தம்?

2019 நவம்பரில் இத்தாலியின் மோடெனா நகரத் தொழிற்சாலையிலிருந்து ஒரு விசித்திரமான கார் வெளியே வந்தது. அதன் ஒரு முனை பளபளப்பே இல்லாமல் வெளிறியிருந்தது. நடுவில் தீட்டிய உலோகம் போல ஒரு நிறம். மறுமுனையில் கண்ணைப் பறிக்கும் நீலம். காரின் பெயர் ‘ஜேடா’. மோடெனா வட்டார வழக்கில் ‘இசட்’ என்ற கடைசி எழுத்தை இப்படித்தான் சொல்வார்களாம். ஒரே ஒரு கார்தான் இப்படிச் செய்தார்கள். 2007 முதல் வந்துகொண்டிருந்த மஸராட்டி கிரான் டூரிஸ்மோவின் கடைசிக் கார் இது.

கடைசி எழுத்துக்குப் பிறகு மறுபடி முதல் எழுத்து வருமல்லவா, அதனால் இது முடிவல்ல, தொடக்கம் என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. கார்ப் பிரியர்கள் இந்த விளக்கத்தில் சமாதானம் ஆகவில்லை. ‘இத்தனை வருஷம் தாமதித்துவிட்டு இப்போது பெயிண்ட் அடித்துச் சமாளிக்கிறார்கள்’ என்பதுதான் பலருடைய எண்ணம். கோபப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தக் காரை ஒருநாளும் வாங்கியவர்கள் அல்ல, வாங்கப் போகிறவர்களும் அல்ல. வாங்காத பொருள் நின்றுபோனால் மனிதன் ஏன் வருத்தப்படுகிறான்? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பெயர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் பிரான்ஸ், இத்தாலி என்று மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். இந்தப் பயணத்துக்குப் பெயர் ‘கிராண்ட் டூர்’. அதையே இத்தாலியர்கள் ‘கிரான் டூரிஸ்மோ’ ஆக்கிக் காருக்கு வைத்தார்கள். அதன் சுருக்கம்தான் எல்லாரும் அறிந்த ‘ஜிடி’. ரேஸ் கார் வேகமாகப் போகும், ஆனால் ஒரு மணி நேரத்தில் முதுகு ஒடிந்துவிடும். சொகுசுக் கார் சுகமாகப் போகும், ஆனால் வளைவில் தள்ளாடும். காலையில் மிலானில் கிளம்பி, பெட்டி படுக்கையோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, மாலையில் களைப்பில்லாமல் பாரிஸில் இறங்க ஒரு கார் வேண்டுமென்றால் அதுதான் ஜிடி. இரண்டு வேலையையும் ஒரே கார் செய்ய வேண்டும் என்பதால் இதைச் செய்வது கஷ்டம், விற்பது அதைவிடக் கஷ்டம்.

மஸராட்டிக்கு இந்த வித்தை ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கவில்லை. 1914ல் பொலோனியா நகரில் ஆல்ஃபியரி மஸராட்டி தன் சகோதரர்களோடு ஆரம்பித்தது ஒரு சின்னப் பட்டறைதான். சகோதரர்களில் மரியோவுக்கு மட்டும் எஞ்சினில் ஆர்வமில்லை, அவர் ஓவியர். பொலோனியா நடுவீதியில் நெப்டியூன் என்ற கடல் தெய்வத்தின் சிலை உண்டு. அதன் கையிலுள்ள சூலத்தைப் பார்த்துத்தான் மரியோ கம்பெனியின் சின்னத்தை வரைந்தார் என்பார்கள். இன்றும் காரின் மூக்கில் இருப்பது அந்தச் சூலம்தான். 1932ல் ஆல்ஃபியரி இறந்தார். 1937ல் மற்ற சகோதரர்கள் கம்பெனியை மோடெனாவின் ஓர்சி குடும்பத்துக்கு விற்றார்கள். பிறகு தொழிற்சாலையும் மோடெனாவுக்கே இடம் பெயர்ந்தது. ஒப்பந்தப்படி பத்து வருஷம் வேலை செய்துவிட்டு, 1947ல் சகோதரர்கள் வெளியேறி மறுபடி பொலோனியாவில் ‘ஓஸ்கா’ என்ற வேறொரு கம்பெனியை ஆரம்பித்தார்கள். பெயர் ஒருவரிடம், அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் வேறிடத்தில்! மஸராட்டி வரலாறு முழுக்க இப்படித்தான்.

அதே 1947ல் வந்தது ஏ6 1500. பினின் ஃபரினா உடல் வடிவமைத்த இந்தக் காரைத்தான் மஸராட்டி தன்னுடைய முதல் ஜிடி என்று சொல்லிக்கொள்கிறது. ஆனால் உண்மையான திருப்பம் 1957ல். அந்த வருஷம் ஹுவான் மானுவல் ஃபாஞ்சியோ மஸராட்டி 250எஃப் ரேஸ் காரில் உலகச் சாம்பியன் ஆனார். அதே வருஷக் கடைசியில் பணமில்லாமல் கம்பெனி ரேஸிலிருந்தே விலகியது. சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு கடையைச் சாத்துவது எல்லாருக்கும் அமையாது :-) இனி சாலையில் ஓடும் கார்களை விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற நிலை. அதே 1957ல் வெளிவந்த 3500 ஜிடி கம்பெனியைக் காப்பாற்றியது. சீஃப் எஞ்சினியர் ஜூலியோ ஆல்ஃபியரி ரேஸ் கார் எஞ்சினைப் பழக்கிச் சாந்தமாக்கினார். ஏறத்தாழ 2,200 கார்கள் விற்றன. அதற்கு முன் விரல்விட்டு எண்ணி விற்றுக்கொண்டிருந்த கம்பெனிக்கு இது பெரிய எண்ணிக்கை.

அதன் பிறகு செப்ரிங், மிஸ்ட்ரால், 1967ன் கிப்ளி, இன்டி என்று வரிசையாக ஜிடி கார்கள். 1968ல் பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனியை வாங்கியது. 1973ல் எண்ணெய் நெருக்கடி. பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கும்போது யார் பெரிய எஞ்சின் கார் வாங்குவார்கள்? 1975ல் சிட்ரோயன் கையை விரித்து, மஸராட்டியைக் கலைக்கப் போவதாக அறிவித்தது. மோடெனா தொழிலாளர்கள் பல நூறு பேருக்கு வேலை போகும் நிலை. இத்தாலிய அரசின் ஜெப்பி என்ற நிறுவனமும், அர்ஜென்டினாவிலிருந்து வந்து மோடெனாவில் கார் செய்துகொண்டிருந்த அலஹாந்த்ரோ டி தொமாஸோவும் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1981ல் அவர் கொண்டுவந்த பைடர்போ நிறைய விற்றது, நிறையப் பழுதாகிப் பெயரையும் கெடுத்தது. 1993ல் ஃபியட் வாங்கியது. 1997ல் பாதியை ஃபெராரியிடம் கொடுத்தது, 1999ல் முழுசாகவே கொடுத்தது.

அதாவது, மோடெனாவிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் மரனெல்லோவில், ரேஸ் மைதானத்தில் எத்தனையோ வருஷம் மோதிய பரம எதிரியே முதலாளியாக வந்து உட்கார்ந்தது!

இந்த அவமானம்தான் மஸராட்டிக்குக் கிடைத்த பெரிய வரம். ஃபெராரி தொழிற்சாலையைப் புதுப்பித்தது. 1998ல் 3200 ஜிடி வந்தது. ஜியார்ஜெட்டோ ஜூஜாரோவின் இதால்டிசைன் வடிவமைப்பு. பின்பக்கம் பூமராங் போல வளைந்த விளக்குகள். அடுத்து வந்த மாடலில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண விளக்கு வைத்தார்கள். அதற்காக இன்றும் புலம்புகிறவர்கள் உண்டு. (கார்ப் பிரியர்களுக்கு மறதி என்பதே கிடையாது.) அந்த அடுத்த மாடலில் இன்னொரு மாற்றமும் இருந்தது. டர்போ வைத்த பழைய எஞ்சின் போய், ஃபெராரி மரனெல்லோவில் செய்து கொடுத்த புது வி8 எஞ்சின் வந்தது. எஃப்136 என்பது அதன் குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்து எஞ்சின்தான் 2007 கிரான் டூரிஸ்மோவுக்கும் வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் ரசிகர்களின் துக்கத்தில் முக்கால்வாசி இந்த எஞ்சினைப் பற்றியது.

எஞ்சினுக்குள் காற்றைச் செலுத்த இரண்டு வழி உண்டு. டர்போ என்ற விசிறி வைத்து அழுத்தித் திணிக்கலாம். அல்லது பிஸ்டன் கீழே இறங்கும்போது அது தானாக உறிஞ்சிக்கொள்ள விடலாம். இரண்டாவது வகை நாம் மூச்சு இழுப்பது போல. டர்போ எஞ்சினில் சிறிய எஞ்சினிலேயே பெரிய சக்தி எடுக்கலாம், பெட்ரோலும் மிச்சம். ஆனால் வெளியேறும் புகை டர்போவின் விசிறியைச் சுற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதால் சத்தம் அமுங்கிவிடும். தானாக மூச்சு இழுக்கும் எஞ்சினில் தடை இல்லை. வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறும், காலால் அழுத்திய அளவுக்குப் பதிலும் உடனே வரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இதே குடும்பத்து எஞ்சினை ஃபெராரி தன் சொந்தக் கார்களில் வைத்தபோது கிராங்க் தண்டைத் தட்டையான அமைப்பில் செய்தது. அதன் சத்தம் கீச்சென்று உயரும். மஸராட்டிக்குக் கொடுத்தபோது கிராங்க் தண்டு குறுக்கு வடிவம். எட்டு சிலிண்டரும் வெடிக்கும் ஒழுங்கு மாறுவதால் அடியில் ஒரு உறுமலும், மேலே போனால் ஒரு அலறலும் வரும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே ரத்தம், ஆனால் குரல் வேறு என்பது போல. ஃபெராரியைவிட மஸராட்டியின் குரல்தான் இனிமை என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. கார் இரைச்சலில் என்ன இனிமை என்று கேட்பவர்கள், நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் நின்று கேட்டால் இரைச்சல்தான் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

2007 மார்ச்சில் ஜெனிவா கண்காட்சியில் கிரான் டூரிஸ்மோ அறிமுகமானபோது அதன் எஞ்சின் 4.2 லிட்டர், 405 குதிரைசக்தி. 2008ல் வந்த ‘எஸ்’ மாடலில் 4.7 லிட்டர், 440 குதிரைசக்தி. கடைசியில் 460 வரை போனது. உடலைச் செய்தது பினின்ஃபரினா, வரைந்தவர் ஜேசன் காஸ்ட்ரியோட்டா. 2005ல் அதே ஜெனிவாவில் காட்டிய ‘பேர்ட்கேஜ் 75’ என்ற கற்பனைக் காரையும் வரைந்தவர் அவர்தான். நீண்ட மூக்கு, சக்கரங்களின் மேல் அலை போல எழுந்து விழும் உடல். ஆனால் முக்கியமான விஷயம் உள்ளே. பெரும்பாலான ஜிடி கார்களில் பின் சீட் என்பது பெயருக்குத்தான், அதில் பையைத்தான் வைக்கலாம். இதில் வளர்ந்த மனிதர் இருவர் உண்மையாகவே உட்காரலாம். காரணம், இதன் அடித்தளம் குவாட்ரோபோர்ட்டே என்ற நாலு கதவு காரிலிருந்து குறுக்கி எடுத்தது. அதன் விலையாக எடையும் வந்தது, ஏறக்குறைய 1,880 கிலோ!

குறைகளும் இருந்தன. உள்ளே இருந்த திரையும் பட்டன்களும் சீக்கிரமே பழசாகிவிட்டன. கியர்பாக்ஸ் கடைசி வரை ஆறு கியர்தான். போட்டிக் கம்பெனிகள் எட்டு, ஒன்பது என்று போய்விட்டன. வேகத்திலும் போட்டியாளர்கள் முந்தினார்கள். பழைய கார் சந்தையில் விலை மளமளவென்று விழுந்தது. காமர்ஸ் வகுப்பில் தேய்மானம் என்ற பாடத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் இந்தக் கார் போதும். ஆனால் அந்தத் தேய்மானத்தால் ஒரு நன்மை. புதிதாக வாங்கவே முடியாத நடுத்தர வருமானக்காரர்கள் சிலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்து வருஷப் பழைய காரை வாங்க முடிந்தது. (ரிப்பேர் செலவு மட்டும் பழைய காருக்கும் புதுக் காரின் விலைக்கு ஏற்றபடிதான் வரும்!) ஃபெராரி எஞ்சினும் இத்தாலிய உடலும் சாதாரண மனிதன் கைக்கு எட்டிய வழி இது ஒன்றுதான் என்று அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

அப்படியானால் ஏன் நிறுத்தினார்கள்? 12 வருஷத்தில் விற்றது கிரான் டூரிஸ்மோ 28,805. அதன் கூரையில்லாத வடிவமான கிரான்கேப்ரியோ 11,715. இரண்டும் சேர்த்து 40,520. வருஷத்துக்கு வகுத்தால் 3,400க்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சொகுசுக் காருக்கு இது மோசமான கணக்கு அல்ல. பழைய மாடலில் ஒரு வசதியும் உண்டு. அச்சு, கருவி எல்லாவற்றுக்கும் போட்ட முதல் ஏற்கெனவே தேய்மானத்தில் கழிந்திருக்கும், விற்பதில் பெரும்பகுதி லாபம். இந்த வசதிதான் ஆபத்தும் கூட. ‘இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போட்டே புதிய காரில் பணம் போடாமல் விட்டார்கள்.

2014ல் கம்பெனிக்கு நூறு வயது. அந்த ஜெனிவா கண்காட்சியில் நிறுவனர் பெயரிலேயே ‘ஆல்ஃபியரி’ என்ற ஒரு மாதிரிக் காரைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஃபியட் தலைவர் செர்ஜியோ மார்க்கியோனேயின் திட்டப்படி 2016ல் விற்பனைக்கு வர வேண்டும். 2016 வந்தது, கார் வரவில்லை. பணமும் கவனமும் கிப்ளி செடான், 2016ல் வந்த லெவாந்தே என்ற எஸ்யூவி என்று விற்கும் பக்கம் போயின. 2017ல் மஸராட்டி 50,000 கார்களுக்கு மேல் விற்றது. லாபக் கணக்கில் இந்த முடிவைத் தப்பு சொல்ல முடியாது. 2018 ஜூன் திட்டத்தில் ஆல்ஃபியரி மறுபடி இடம் பெற்றது, இம்முறை மின்சாரக் காராக. ஜூலையில் மார்க்கியோனே காலமானார். ஆல்ஃபியரி என்ற பெயரில் கடைசி வரை எந்தக் காரும் சாலைக்கு வரவில்லை. 2019ல் மொத்த விற்பனை 20,000க்கும் கீழே போய்விட்டது. கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் ரசிகர்களுக்கு இங்கேதான் தொடங்கியது. ஒரு காரை நிறுத்துவதை மன்னிக்கலாம், வாரிசு வருகிறான் என்று ஐந்து வருஷம் வாசலில் நிற்க வைத்ததை மன்னிப்பது கஷ்டம்.

நடுவில் குடும்பமும் பிரிந்திருந்தது. 2016 தொடக்கத்தில் ஃபெராரி ஃபியட்டிலிருந்து தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2019 மே மாதம் ஃபெராரி தலைவர் லூயி கமில்லேரி, மஸராட்டிக்கு எஞ்சின் கொடுப்பது முடிவுக்கு வரும் என்று வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பாவின் மாசு விதிகளும் ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டிருந்தன. தானாக மூச்சு இழுக்கும் பெரிய எஞ்சினுக்கு அந்த விதிகளில் இடம் குறைவு. ஃபெராரியே 2015ல் 458ஐ நிறுத்தி, அடுத்த காரில் டர்போவுக்கு மாறிவிட்டது. அந்த எஞ்சின் குடும்பத்தில் கடைசி வரை சாலையில் புதிதாக வந்துகொண்டிருந்தது கிரான் டூரிஸ்மோதான். 2019 நவம்பரில் நின்றது ஒரு மாடல் மட்டும் அல்ல.

துக்கத்திலும் பல ரகம் இருந்தது. சத்தத்துக்காக வருந்தியவர்கள் ஒரு பக்கம். ‘நல்ல வேளை, அழகு கெடுவதற்குள் நிறுத்தினார்கள்’ என்று நிம்மதி அடைந்தவர்களும் உண்டு. 12 வருஷத்தில் அந்த வடிவம் கொஞ்சமும் கிழடு தட்டவில்லை என்பது உண்மை. வைத்திருந்தவர்களில் சிலருக்கு, இனியாவது விலை விழாமல் நிற்கும் என்று ஒரு சின்னச் சந்தோஷம். ‘எப்போதாவது வாங்குவேன்’ என்று நினைத்திருந்தவர்களின் நிலைதான் பாவம். தன் கனவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள எங்கோ ஒரு தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுடையது. சுவரில் ஒட்டிய படத்துக்கு விற்பனைக் கணக்கில் இடம் கிடையாது என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

இதில் கம்பெனியை மட்டும் திட்டுவது சரியல்ல. ரசித்தவர்கள் லட்சக்கணக்கில், புதிதாக வாங்கியவர்கள் நாற்பதாயிரம் பேர்தான். பத்து வருஷம் காத்திருந்து பழைய காராக வாங்கினால் கம்பெனிக்கு ஒரு பைசாவும் வராது.

கார் நின்றபின் மோடெனா தொழிற்சாலையைப் புதுப்பித்தார்கள். 2020ல் எம்சி20 என்ற இரண்டு சீட் கார் அங்கிருந்து வந்தது. அதிலிருந்த நெத்தூனோ எஞ்சின் மஸராட்டி தானே செய்தது, 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. பெயரைக் கவனியுங்கள், பொலோனியா சிலையின் அதே கடல் தெய்வம்! 2022ல் புதிய கிரான் டூரிஸ்மோ அறிமுகமானது. தோற்றத்தில் பழையதின் தம்பி என்றே சொல்லலாம். ஆனால் எஞ்சின் நெத்தூனோ, இன்னொரு வடிவம் ‘ஃபோல்கோரே’ என்ற முழு மின்சாரக் கார். செய்த இடமும் மோடெனா அல்ல, டூரின் நகரத்து மிராஃபியோரி. மின்சாரக் கார் பழைய வி8ஐவிட வேகமாகக் கிளம்புகிறது என்பதை ரசிகர்கள் மறுக்கவில்லை. ஜிடி என்றால் மலை தாண்டும் தூரப் பயணம், நடுவழியில் சார்ஜுக்கு நிற்கும் காருக்கு அந்தப் பெயர் எப்படி என்றுதான் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் கேட்டவர்களில் எத்தனை பேர் காரில் ஆல்ப்ஸ் தாண்டினார்கள் என்பது வேறு விஷயம்.

டர்போ வைத்த வி8 மட்டும் செடான், எஸ்யூவிகளில் இன்னும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. 2023ல் அதற்கும் விடை கொடுக்க, கிப்ளியில் ‘334 உல்திமா’ என்று 103 கார்கள் செய்தார்கள். மணிக்கு 334 கிலோமீட்டர் வேகம் என்பதால் அந்தப் பெயர். 2024ல் மஸராட்டி உலகம் முழுவதும் அனுப்பிய கார்கள் 11,300 மட்டுமே. 2025 மார்ச்சில் எம்சி20ன் மின்சார வடிவத்தை, வாங்க ஆள் குறைவு என்று கைவிட்டது. அதே வருஷம் கிரான் டூரிஸ்மோ, கிரான்கேப்ரியோ இரண்டின் தயாரிப்பையும் மறுபடி மோடெனாவுக்கே கொண்டுவரப் போவதாக அறிவித்தது. ஜேடா கடைசியாக வெளியே வந்த அதே தொழிற்சாலை. மரனெல்லோவிலிருந்து எஞ்சின் ஏற்றிய லாரி மட்டும் இனி அங்கே வராது.